உடைய வேண்டிய ஆணி

எங்கள் கம்பெனியின் சுற்றுச்சுவரில் ஆளுயர நீல எழுத்தில், 'ஒருமுறை வாங்குங்கள், பேரன் காலம்வரை ஓட்டுங்கள்' என்று எழுதியிருக்கும். பம்பு செட்டுக்கான விளம்பரம். வேலைக்குச் சேர்ந்த அன்று அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. ஆயுசு முழுக்க உழைக்கும் பொருளை விற்றுவிட்டால் அடுத்ததை யாருக்கு விற்பது? இதுகூடத் தெரியாமல் இருக்கிறார்களே, நாம் வந்துதான் திருத்த வேண்டும் போல என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. அந்த வயதில் எல்லாக் கம்பெனிகளும் நாம் வந்து திருத்துவதற்காகத்தான் காத்துக்கொண்டிருக்கும்.

நான் படித்தது உலோகவியல். கூடப் படித்தவர்கள் எல்லாரும் பெங்களூருக்குப் போய், உலோகத்துக்குச் சம்பந்தமே இல்லாத வேலைகளில் உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கு மட்டும் ஒரு கிறுக்கு இருந்தது. ராணுவத் தளவாடம் செய்யும் கம்பெனிகளின் காலாண்டு முடிவுகளைக் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரிப் பின்தொடர்வேன். மேட்டுப்பாளையத்திலிருந்து கோவைக்குக் காலை ரயிலில் வரும்போது பக்கத்து இருக்கையில் ரீல்ஸ் ஓடிக்கொண்டிருக்கும். நான் எந்தக் கம்பெனியிடம் எவ்வளவு ஆர்டர் கையிருப்பு, எந்த நாடு எதைக் கேட்டிருக்கிறது என்று படித்துக்கொண்டு வருவேன். அந்தக் கம்பெனிகளின் ஒரு பங்குகூட என்னிடம் கிடையாது. ஆனாலும் அவர்களுடைய லாபம் ஏறினால் எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். அப்பாவுக்கு இது புரியவே இல்லை. அவர் மண்டியில் உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு எடை போடுகிறவர்.

"ஆருக்கோ லாபம் வந்தா நீயெதுக்கு கண்ணு பல்லைக் காட்டறே?" என்பார்.

நியாயமான கேள்வி.

முதலாளி என்னை வேலைக்கு எடுத்ததே இந்தக் கிறுக்கைப் பார்த்துத்தான். விமானப்படைத் தளம் இருக்கும் சூலூருக்குப் போகும் வழியில் கம்பெனி. தலைக்கு மேலே அவ்வப்போது போர் விமானங்கள் காதைக் கிழித்துக்கொண்டு போகும். என்னை நேர்முகத் தேர்வு செய்துகொண்டிருக்கும்போதே ஒன்று போனது. அவர் பேச்சை நிறுத்தி, சத்தம் அடங்கும்வரை காத்திருந்து, விரலால் மேலே காட்டி, "ஏனுங்க, இதுல ஏதாச்சும் ஒரு சாமானம் நாம செஞ்சு குடுக்க முடியுங்களா?" என்று கேட்டார். நான் அரைமணி நேரம் பேசினேன். அவர் ஒரே ஒரு குறிப்புதான் எடுத்தார். பிற்பாடு அந்தக் காகிதம் என் கையில் கிடைத்தது. 'பொண்ணு நல்லாப் பேசுது' என்று இருந்தது. நல்லாப் பேசுவதால் வரும் விளைவுகளைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

முப்பது வருடமாக அவருடைய வியாபாரம் வானத்தை நம்பி நடந்தது. ஆனால் மற்றவர்கள் நம்பும் விதத்தில் அல்ல. மழை நன்றாகப் பெய்தால் கிணறு நிரம்பிவிடும், புதுப் பம்பு யாருக்கும் வேண்டாம். மழை பொய்த்தால் போர்வெல் ஆழமாகும், பம்பு விற்கும். ஊரே கூடி மழைக்கு வேண்டிக்கொள்ளும்போது இவரும் கூட நின்று கைகூப்புவார், முழு மனதோடுதான். அப்படியே திரும்பி வந்து குடோனில் எத்தனை பம்பு இருக்கிறது என்று விசாரிப்பார். அடுத்தவர் கஷ்டத்துக்கு மனசார வருந்திக்கொண்டே அதற்கான சரக்கைத் தயாராக வைத்திருக்கும் பக்குவம் அவருக்கு ஏற்கெனவே கைவந்திருந்தது. ராணுவ ஆர்டருக்கு மாற இதைவிட என்ன பயிற்சி வேண்டும்?

ஆபீஸில் ஒரு டிவி உண்டு. டீ நேரத்தில் செய்தி ஓடும். எங்கோ ஒரு தேசத்தில் குண்டு விழுந்து கட்டடம் சரிவதைக் காட்டுவார்கள். "அட பாவமே, சின்னச் சின்னக் குழந்தைங்க..." என்று அவருக்கு நிஜமாகவே கண் கலங்கும். ஒரு வாய் டீ குடிப்பார். பிறகு என் பக்கம் திரும்பி, "கண்ணு, அந்தக் கொட்டேஷன் போயிருச்சுங்களா?" என்பார். எனக்கு இதில் முரண்பாடு ஒன்றும் தெரியவில்லை. "நேத்தே போயிருச்சுங்க சார்" என்பேன், பெருமையாக.

அந்தக் கொட்டேஷன் ஒரு பெரிய கம்பெனிக்குப் போனது. ராணுவத்துக்கு முழு அமைப்புகளாகச் செய்து கொடுக்கும் கம்பெனி. காலாண்டுக்குக் காலாண்டு அவர்களுக்கு ஆர்டர் குவிந்துகொண்டிருந்தது. தாங்களே எல்லா உதிரிப் பாகங்களையும் செய்து முடியாமல், சின்னச் சின்னப் பட்டறைகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நான் முப்பத்திரண்டு பக்கத்துக்கு ஸ்லைடு தயாரித்து, நாங்கள் யார் என்று விளக்கினேன். அதில் பாதி நாங்கள் யாராக ஆகப்போகிறோம் என்பது பற்றி. எப்படியோ கிடைத்துவிட்டது. ஏவுகணை அல்ல, பீரங்கி அல்ல. ஓர் ஆணி.

சுண்டுவிரல் நீள உருக்கு ஆணி. வரைபடத்தில் அதன் அளவுகள், பதம் செய்யும் முறை, அது எவ்வளவு பாரம் தாங்க வேண்டும் என்பதற்குக் கீழே ஓர் எண், மேலே ஓர் எண். அவ்வளவுதான். அது எதில் பொருத்தப்படும், என்ன வேலை செய்யும் என்று கேட்டேன். அது ரகசியம் என்று பதில் வந்தது. ரகசியம் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு மேலும் இரண்டு அங்குலம் உயரம் கூடியது. அன்றைக்கு ரயிலில் யாரிடமும் பேசவில்லை.

முதலாளி என் ஸ்லைடை நம்பி ஒரு காரியம் செய்தார். பம்பு லைன் ஒன்றை மூடி, அதன் லேத்துகளை விற்று, அந்த இடத்தில் ஆணிக்கான புது மிஷின்களைப் போட்டார். அந்த லைனில் வேலை செய்த பதினோரு பேரும் ஆணிக்கு வந்தார்கள். திரும்பிப் போக அவர்களுக்குப் பழைய லைன் இல்லை. எங்கள் பம்பின் இடத்தைக் குஜராத் பம்பு ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருந்தது. "கண்ணு சொன்னா செரியா இருக்குமுங்க" என்று முதலாளி எல்லாரிடமும் சொன்னார். அந்தப் பதினோரு பேரும் காலையில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கும்பிடு போட ஆரம்பித்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஆணிக்குப் பதம் ஏற்றுவது உலை அண்ணன் வேலை. நாற்பத்தைந்து வயது இருக்கும். உருக்கைச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கினால் அது கண்ணாடி மாதிரி விறைத்துப்போகும். பிறகு இன்னொரு தடவை இளஞ்சூட்டில் வைத்திருந்து அந்த விறைப்பைத் தணிக்க வேண்டும். எவ்வளவு நேரம் வைக்கிறோமோ அவ்வளவு தணியும். பம்பு தண்டு செய்த காலத்திலிருந்தே அண்ணன் அந்த இரண்டாவது சூட்டிலிருந்து ட்ரேயைக் கொஞ்சம் முன்கூட்டியே இழுத்துவிடுவார். தண்டு சற்றுக் கூடுதல் வலுவோடு நிற்கும். காய்கறிக்காரர் எடை போட்டபிறகு இரண்டு மிளகாய் சேர்த்துப் போடுவதுபோல அவருடைய கொசுறு அது. கோவையில் யாரும் இதைக் குறை சொன்னதில்லை.

"எத்தனை நிமிசம்ணா?" என்று நான் கேட்டால், "நெஞ்சுல படும் அம்மணி. பட்டதும் எடுத்துப்போடுவேன்" என்பார்.

முதல் லாட், அதாவது முதல் தொகுதி ஆணி வந்தது. எங்கள் சோதனை மிஷினில் கொடுத்துப் பார்த்தேன். பாரம் ஏறிக்கொண்டே போனது. கீழ் எண்ணைத் தாண்டியது. மேல் எண்ணையும் தாண்டியது. அதற்கும் மேலே போய், மனமில்லாமல் உடைந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பரீட்சையில் முப்பத்தைந்து எடுத்தால் பாஸ், நூறு முழு மார்க். நாங்கள் நூற்றுப் பதினைந்து வாங்கியிருக்கிறோம் என்றுதான் அதைப் புரிந்துகொண்டேன். நான் கல்லூரியில் தங்கப் பதக்கம் வாங்கியவள். பம்புக்காரர்களுக்காவது ஒரு சாக்கு உண்டு. பம்பு உலகத்தில் மேல் எண் என்று ஒன்று கிடையாது. எனக்கு அதுகூட இல்லை.

லாட்டோடு போகும் கடிதத்தில், 'தாங்கள் கேட்ட வலுவைவிட மிகக் கூடுதலான வலுவோடு தயாரித்துள்ளோம் என்பதைப் பெருமிதத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்' என்று ஆங்கிலத்தில் எழுதி, அந்த வரியை மட்டும் தடித்த எழுத்தில் போட்டேன்.

அந்தக் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டுதான் இன்ஸ்பெக்டர் வந்து இறங்கினார். பெரிய கம்பெனி அனுப்பிய தரப் பரிசோதகர். அவர்கள் சரக்கு எடுத்துக்கொள்வதும் விடுவதும் அவர் கையெழுத்தில் இருந்தது. ஒல்லியான மனிதர், தோளில் பை, பையில் சொந்தமாக ஒரு பிளாஸ்க், ஒரு டிபன் பாக்ஸ். சப்ளை செய்கிறவர்கள் இடத்தில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்பது அவருக்கு விதி.

முதலாளிக்கு இது தாங்கவில்லை. இளநீர் வெட்டி வைத்திருந்தார். பக்கத்து மெஸ்ஸில் இலைச் சாப்பாடு சொல்லியிருந்தார்.

"ஒரு காப்பிங்க?"

"வேண்டாம் சார்."

"மோரு? வெயிலுக்கு நல்லதுங்க."

"கொண்டுவந்திருக்கேன் சார்."

"தண்ணியாச்சுமுங்க. ஒரே ஒரு டம்ளரு. சிறுவாணித் தண்ணிங்க."

அவர் பிளாஸ்க்கைத் திறந்து, தன் தண்ணீரைத் தானே குடித்தார். முதலாளி வெளியே வந்து என் காதருகில், "ஊடு தேடி வந்த மனுசன் ஒரு வாய் தண்ணி குடிக்கமாட்டேங்கறாரு. இவரு எப்படிங்க நல்ல சேதி சொல்லுவாரு?" என்றார். முகம் வெளிறியிருந்தது.

அவர் கணித்தது சரிதான். பத்து ஆணிகளைச் சோதித்துவிட்டு இன்ஸ்பெக்டர் என் கடிதத்தை மேசையில் விரித்தார்.

"யாரும்மா எழுதினது?"

"நான்தான் சார்." அப்போதும் பாராட்டை எதிர்பார்த்தேன்.

"மேல் எண் எதுக்குப் போட்டிருக்காங்கன்னு நினைச்சே?"

நான் வரைபடத்தை எடுத்து அந்த எண்ணை மறுபடி பார்த்தேன்.

"இது உடையணும்மா. கரெக்டா அந்த ரெண்டு எண்ணுக்கு நடுவிலே. இது வேலை செய்யறதே உடையறதுதான்." அவர் சன்னலைப் பார்த்தார், எவ்வளவு சொல்லலாம் என்று யோசித்தார் போல. "ஒரு குழாய் இருக்கு. அதுக்குள்ளே ஒண்ணு இருக்கு. கிளம்பற நேரம் வரைக்கும் அது நழுவாம இந்த ஆணி பிடிச்சு வெச்சிருக்கும். கிளம்பற வேகத்திலே இது உடைஞ்சு வழி விடணும். உடையலேன்னா அது கிளம்பாது, உள்ளேயே எரியும். குழாய்க்குப் பக்கத்திலே நிக்கறது நம்ம ராணுவத்துப் பையன்."

தலைக்கு மேல் ஒரு விமானம் போனது.

லாட் நிராகரிக்கப்பட்டது. இந்த வேலைக்கென்றே சான்றிதழோடு வந்த உருக்குக் கம்பி இன்னும் ஒரு லாட்டுக்குத்தான் மிச்சம் இருந்தது. அதுவும் தவறினால் எங்கள் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள், ஆர்டர் வேறு இடத்துக்குப் போய்விடும் என்று இன்ஸ்பெக்டர் மரியாதையாகச் சொன்னார். அப்படிப் போனால் பதினோரு பேருக்கும் நிற்க ஒரு மிஷின் கிடையாது. மறுநாள் காலையிலும் அவர்கள் எனக்குக் கும்பிடு போட்டார்கள். இந்தத் தடவை எனக்குப் பிடிக்கவில்லை.

முதலாளி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "சின்ன வயசு, கண்ணு. ஆர்வத்துல எழுதிப்போட்டீங்க" என்றார்.

உலை அண்ணனிடம் போய்ச் சொல்வது என் பொறுப்பு. அவர் முழுதையும் கேட்டார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒடையறதுக்குன்னு ஒருத்தன் காசு குடுத்து ஆணி வாங்குவானா?"

"வாங்கறாங்களேண்ணா."

"ஏன் அம்மணி, என்னைப் பார்த்தா உனக்கு எப்படித் தெரியுது? இருவத்தி ரெண்டு வருசம். நான் பதம் போட்ட தண்டு ஒண்ணு ஒடைஞ்சுதுன்னு ஒருத்தன் இந்த வாசப்படி ஏறுனது கெடையாது. இப்ப வந்து, ஒடையற மாதிரி செய்யுன்னா?"

"மாதிரி இல்லண்ணா. ஒடையோணும்."

"எச்சா இருந்தா நல்லதுதானே? கொறஞ்சாத்தானே தப்பு?"

"எச்சானாலும் தப்புங்கண்ணா."

"என்ன கெரகமோ" என்று உலைக்குத் திரும்பிவிட்டார்.

நான் ஒரு டைமர் வாங்கி அவர் கருவிப் பெட்டிமேல் வைத்தேன். மறுநாள் அது கழிவுத் துணிக்கூடையில் கிடந்தது. திரும்ப வைத்தேன். அடுத்த நாள் அதன்மேல் டீ கிளாஸ் வைத்திருந்தார். சான்றிதழ்க் கம்பியைத் தொடாமல், பழைய கம்பியில் ஒத்திகை பார்த்தோம். நிமிடக் கணக்கை நான் எழுதிக் கொடுத்தேன். தலையை ஆட்டிவிட்டு, கடைசி நேரத்தில் நெஞ்சில் பட்டதும் ட்ரேயை இழுத்தார். ஆணிகள் மேல் எண்ணைத் தாண்டிப்போய் உடைந்தன. மூன்று ஒத்திகை, மூன்றும் அப்படியே. லைனில் இருந்த பையன்கள், "அண்ணன் செஞ்ச ஆணியில குழாய என்ன, குன்றையே தொங்கவுடலாமுங்க" என்று கிண்டல் செய்தார்கள். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். இன்ஸ்பெக்டர் வர ஆறு நாள் இருந்தது.

வேறு ஆளை உலையில் நிறுத்தலாமா என்று முதலாளியிடம் கேட்டேன். "வேற ஆருக்கு கண்ணு அந்த உலையோட மனசு தெரியும்?" என்றார். உலைக்கு மனசு உண்டு என்பதை நான் பாடத்தில் படித்ததில்லை. அந்த உலை பழையது. கதவோரம் ஒரு சூடு, நடுவில் ஒரு சூடு. ட்ரேயை எங்கே வைத்தால் எல்லா ஆணிகளும் ஒரே பதமாக வரும் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். ஆக, அவரும் வேண்டும், அவர் நெஞ்சு மட்டும் வேண்டாம்.

திருப்பம், வாசல் கேட்டருகே இருந்த சர்வீஸ் கொட்டகையிலிருந்து வந்தது. பழைய பம்புகளுக்கு இன்னமும் அங்கே ரிப்பேர் பார்ப்போம். உலை சூடேறும் நேரத்தில் அண்ணன் அங்கே போய் நிற்பது வழக்கம். அன்றைக்கு அன்னூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் கருகிப்போன மோட்டாரையும் ஸ்டார்ட்டர் பெட்டியையும் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். நான் கையில் நிமிடக் கணக்குக் காகிதத்தோடு அண்ணனைத் தேடிப் போனேன். அவர் பெட்டியைத் திறந்து ஃபியூஸ் கட்டையை உருவிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, இதென்னங்க இது? பீஸு கம்பி இருக்கற எடத்துல கட்டுக்கம்பியை முறுக்கி வெச்சிருக்கறீங்க?"

"அந்தச் சின்னக் கம்பி பொசுக்குப் பொசுக்குன்னு உருகிப் போகுதுங்க" என்றார் விவசாயி. "ஒவ்வொரு தடவையும் தோட்டத்துக்கு ஓடி மாட்டோணும். அதான் கெட்டியாப் போட்டுட்டனுங்க."

"உருகறதுக்குத்தானுங்க அதை வெச்சிருக்குது! அது உருகுனாத்தானே மோட்டாரு பொழைக்கும். கெட்டியாப் போட்டாராமா, கெட்டியா! மோட்டாரே கருகிக் கெடக்குது, இவரு போட்ட கம்பி மட்டும் கல்லாட்ட நிக்குது பாருங்க. உருக வேண்டியது உருகோணுமுங்க!"

விவசாயி தலையைச் சொறிந்தார். "எச்சா இருந்தா நல்லதுதானேன்னு நெனைச்சனுங்க."

அண்ணன் அடுத்த வசவுக்கு வாயைத் திறந்தார். அது வரவில்லை. கட்டுக்கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு தற்செயலாகத் திரும்பியதுபோல் திரும்பி, நான் நிற்பதைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் அது ஒரு சாதனை.

கைகளைத் துடைத்துக்கொண்டு என்னைக் கடந்து போனார். நாலு எட்டு வைத்ததும் நின்று, திரும்பாமலே கேட்டார்: "அந்த டைமரு எங்க அம்மணி?"

"உங்க பெட்டிமேலதானுங்கண்ணா. டீ கிளாஸுக்கு அடியில."

"ம்."

அன்று மதியம் அவர் டைமரின் முன்னால் உட்கார்ந்திருந்ததை நான் மறக்கமாட்டேன். கைகள் தாமாக ட்ரேயை இழுக்கப் போய்விடும் என்று இரண்டையும் தொடைகளுக்கு அடியில் கொடுத்து, அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டார். டைமர் அடிப்பதற்கு முன்னால் நெற்றியில் வியர்வை ஓடியது. அது உலைச் சூட்டினால் மட்டும் அல்ல. அடித்ததும் எழுந்து ட்ரேயை எடுத்தார். ஒத்திகை ஆணி இரண்டு எண்களுக்கும் நடுவில், சொல்லி வைத்தாற்போல் உடைந்தது. நான் கை தட்டினேன். அவர் உடைந்த இரண்டு துண்டையும் எடுத்துப் பார்த்து, "த்தூ" என்றார்.

சான்றிதழ்க் கம்பியில் இரண்டாவது லாட் தயாரானது. கடிதம் எழுத உட்கார்ந்தேன். விரல்கள் பெருமிதத்தைத் தேடிப் போயின. நானும் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். கடைசியில் ஒரே வரி: 'வரைபடத்தில் கேட்டபடி.'

இன்ஸ்பெக்டர் அதே பை, அதே பிளாஸ்க்கோடு வந்தார். முதலாளி இந்தத் தடவை இளநீர் வெட்டவில்லை. ஆனால் வெட்டாத இரண்டு இளநீர் காய்களை அவர் கண்ணில் படும்படி மேசையோரம் வைத்திருந்தார், மனம் மாறினால் இருக்கட்டும் என்று. முந்தைய நாள் கொடுமுடி கோயிலுக்குப் போய் வந்ததாகச் சொன்னார். "என்னங்க சார் வேண்டிக்கிட்டீங்க?" என்றேன். "என்னத்தைச் சொல்றது கண்ணு. தொழில் நல்லா இருக்கோணும், ஆணியெல்லாம் ஒடைஞ்சு போகோணும்னு கேட்டேன். சாமியே கொளம்பியிருக்கும்."

பெட்டிக்கு ஒன்றாகப் பத்து ஆணிகளை இன்ஸ்பெக்டரே பொறுக்கினார். பதினோரு பேரும் வேலை இருப்பதுபோல வாசலருகே வந்து நின்றார்கள். உலை அண்ணன் உள்ளே வரவில்லை. வெளியே, சுற்றுச்சுவரைப் பார்த்தபடி, 'பேரன் காலம்வரை' என்ற எழுத்துக்கு எதிரே, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

முதல் ஆணி. பாரம் ஏறியது. டக். நடுவில். இரண்டாவது, டக். ஒவ்வொரு டக்குக்கும் வெளியே அவர் தோள் ஒரு தடவை குலுங்குவது சன்னல் வழியே தெரிந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக, தான் செய்த பொருள் உடையும் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தார். ஒன்பது வரை எல்லாம் சுத்தம். முதலாளியின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

பத்தாவது உடையவில்லை. பாரம் நடுப்பகுதியைத் தாண்டியது. மேல் எண்ணை நெருங்கியது. வாசலில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். மேல் எண்ணுக்கு இன்னும் ஒரு மயிரிழை.

டக்.

இன்ஸ்பெக்டர் குனிந்து எண்ணைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடியும் பார்த்தார். எழுதினார். "உள்ளேதான் இருக்கு. பாஸ்."

முதலாளி நாற்காலியில் உட்கார்ந்தார். பதினோரு பேரும் ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொண்டார்கள். ஒரு பொருள் உடைந்ததற்காக அத்தனை பேர் சந்தோஷப்பட்டு நான் பார்த்தது அதுதான். நான் வெளியே ஓடினேன்.

"பாஸுங்கண்ணா! பத்தும்!"

"கடைசி ஒண்ணு ரொம்ப நேரம் நின்னுச்சே?"

"ஆமாங்கண்ணா. எதனாலன்னு தெரியல."

அவர் சுவரைப் பார்த்தபடியே, "கடைசி ட்ரேயில ஒரு நிமிசம் முன்ன எடுத்துப்போட்டேன் அம்மணி" என்றார். "ஒரே ஒரு நிமிசம். முடியல."

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. கடைசி ட்ரே ஆணிகள் எந்தப் பெட்டியில் இருக்கின்றன என்று மட்டும் அவரிடம் கேட்டு, இன்ஸ்பெக்டர் கிளம்புவதற்குள் அதிலிருந்து இன்னும் ஐந்தை எடுத்துச் சோதிக்கச் சொன்னேன். "பாஸ் ஆனப்புறம் எதுக்கும்மா?" என்றார். "குழாய்ப் பக்கத்துல ஒரு பையன் நிக்கறான்னு சொன்னீங்களே சார்." அவர் பையைக் கீழே வைத்துவிட்டு, ஐந்தையும் சோதித்தார். முதலாளிக்கு மறுபடியும் முகம் வெளிறியது. ஐந்தும் மேல் எண்ணை உரசிக்கொண்டு, ஆனால் உள்ளேயே உடைந்தன. இன்ஸ்பெக்டர் பையை மாட்டிக்கொண்டார். போகிற போக்கில் இளநீரைப் பார்த்து, "நல்ல காய்" என்றார். குடிக்கவில்லை.

வாசல் பிள்ளையாருக்குச் சிதறுகாய் போட்டோம். முதலாளி ஓங்கி எறிந்தார். தேங்காய் உடையாமல் எகிறி உருண்டு, உலைக் கொட்டகைப் பக்கம் ஓடியது.

"ஏனுங்க, இந்தக் காயும் அண்ணன் பதம் போட்டதுங்களா?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. அண்ணன்தான் முதலில் சிரித்தார்.

இரண்டு மாதம் கழித்துப் பெரிய கம்பெனியின் காலாண்டு முடிவு வந்தது. ரயிலில் படித்தேன். ஆர்டர் கையிருப்பு இதுவரை இல்லாத அளவு, தேவை வலுவாக இருக்கிறது, சின்னச் சின்ன சப்ளையர்களின் பங்களிப்பு பாராட்டத்தக்கது. சின்னச் சின்ன சப்ளையர்கள் என்பதில் நாங்களும் இருந்தோம். எங்கள் ஆணியும் அந்த லாபத்துக்குள் எங்கேயோ இருந்தது. பழக்கதோஷத்தில் சிரிப்பு வந்தது. அப்பா சொன்ன அதே பல். கொஞ்ச தூரம் போனதும் அது தானாக மூடிக்கொண்டது. காரணம் எனக்குச் சரியாகத் தெரியாது. மார்க் ஷீட்டில் நம் பெயரைப் பார்த்த பிறகுதானே என்ன பரீட்சை எழுதினோம் என்று யோசனை வருகிறது.

ஆபீஸில் அவர்களிடமிருந்து புது ஆர்டருக்கான விசாரிப்பு வந்து காத்திருந்தது. அதே ஆணி. ஆர்டர் நிலைத்துவிட்டது, பதினோரு பேருக்கும் கவலை இல்லை, இன்னும் பத்துப் பேர் வேண்டியிருக்கும். நான் உடனே முதலாளியிடம் ஓடவில்லை. அடி வாங்கிய பழக்கத்தில் முதலில் எண்களைத் தேடினேன். மாதத்துக்கு வேண்டிய எண்ணிக்கை என்ற இடத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. 'குறைந்தபட்சம்' என்பதில் ஒரு பெரிய எண். 'அதிகபட்சம்' என்பதில் ஒன்றும் இல்லை. பிரிண்ட் சரியாக வரவில்லையோ என்று மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். காலி.

டீ நேரம். டிவியில் வேறொரு ஊர், வேறொரு கட்டடம். முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். காகிதத்தை நீட்டினேன். படித்தார்.

"மேல எதும் போடலீங்களா, கண்ணு?"

"போடலீங்க சார்."

"உட்டுப்போச்சோ என்னமோ. போன் பண்ணிக் கேட்டீங்களா?"

"கேட்டனுங்க. உட்டுப்போகல, வேணும்னுதான் காலியா வெச்சிருக்கறாங்களாமா. எவ்வளவு செஞ்சாலும் எடுத்துக்கறாங்களாம்."

அவர் காகிதத்தை மடித்தார். பிறகு விரித்தார். மேசைமேல் இருந்த ரிமோட்டை எடுத்து டிவியின் சத்தத்தைக் குறைத்தார், அணைக்கவில்லை. படம் ஓடிக்கொண்டிருந்தது.

"செரி" என்றார். "உலையில ஆளை இன்னொரு ஷிப்ட்டு வரச் சொல்லுங்க. டைமரு ஒண்ணு பத்தாது, ரெண்டா வாங்கிப்போடுங்க."

வாங்கிப் போட்டேன்.